வெள்ளாற்றுப் பாலமும் முதல் வகுப்பு டிக்கெட்டும்

கடலூர்–சிதம்பரம் மீட்டர் கேஜ் வண்டியில் முதல் வகுப்பு எடுக்கலாமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். அகலப் பாதைக்காக இந்த லைனை மூடப்போகிறார்கள், அதற்குள் ஒரு தடவை போய்விட வேண்டும் என்ற அவசரம் எனக்கும் இருந்தது. இந்த வருஷம், 2006 மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

கூட அக்காவும் அவள் வீட்டுக்காரர் சேகர் மாமாவும். மாமா சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர். முதல் வகுப்பு என்றதும் அக்கா மறுத்துவிட்டாள்.

"அவ்ளோ காசு குடுத்து ஒக்காந்தா சிதம்பரம் கிட்ட வந்துடுமா? நீங்க ரெண்டு பேரும் ஜமீன்தாரு மாதிரி போங்க. நான் பின்னாடி பொட்டியில வரேன்."

அவளுக்குப் பன்னிரண்டு ரூபாய். எங்களுக்கு ஆளுக்கு நூற்றிருபது.

கடலூர் முதுநகரில் வண்டி சிக்னலைத் தாண்டி வருவது தெரிந்ததும் மாமா பெஞ்சிலேயே உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டார். போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். ஏறியதும் இட்லி என்பது திட்டம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மெத்தை இருக்கை, அகலமான ஜன்னல், தனி அறை, உள்ளே எங்களைத் தவிர யாருமில்லை. சிப்காட் ஆலைக் குழாய்களும் உப்பனாறும் தாண்டும் வரை படம் எடுத்துத் தள்ளினேன். ஆலப்பாக்கம் நெருங்கும்போது மாமா கேட்டார்.

"மச்சான், இட்லி பை எங்க?"

அக்காவிடம். ஏழு பெட்டி பின்னால். இந்த வண்டி இனி பரங்கிப்பேட்டையில்தான் நிற்கும். உள்ளேயே நடந்து போய் வாங்கி வரலாம் என்று எழுந்தேன். முடியாது. இந்தப் பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் வழியே கிடையாது. டிக்கெட் கொடுத்தவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேர்க்கடலை, கொய்யா விற்பவர்களும் இங்கே ஏறுவதில்லை. என் பையில் இருந்ததெல்லாம் பேட்டரி, சார்ஜர், லென்ஸ் துணி.

புதுச்சத்திரத்துக்கு முன்னால் வண்டி சிக்னலுக்காக நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வெறும் வயல். மாமா சட்டை நனைந்துவிட்டது.

"கை ஒதறுது மச்சான்."

"இறங்கி ஓடிப்போய் வாங்கிட்டு வரேன் மாமா."

"வாணாம். வண்டி எட்த்துட்டான்னா நான் மட்டும் இங்க இருக்கணும்."

அவர் சொன்னது சரி. சங்கிலியை இழுத்தாலும் அதே கதைதான். பரங்கிப்பேட்டை இன்னும் தள்ளிப்போகும். வண்டி நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மாமா பேச்சு குழற ஆரம்பித்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

பரங்கிப்பேட்டையில் வண்டி நிற்பதற்குள் குதித்து டீக்கடைக்கு ஓடினேன்.

"சக்கரை குடுங்க, சீக்கிரம்."

"டீ?"

"டீ வேணாங்க. சக்கரை மட்டும். உள்ள ஆளு மயங்குறாரு."

கடைக்காரர் டப்பாவையே என் கையில் கவிழ்த்தார். திரும்பினால், பிளாட்பாரத்தில் அக்கா பையோடு ஓடி வருகிறாள். பை தன்னிடம் இருப்பதைப் பார்த்ததிலிருந்து அவளும் இந்த ஸ்டேஷனுக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள்.

"ஏறுடா, மூஞ்சியப் பாத்துக்னு நிக்காத."

வண்டி எடுத்துவிட்டது. அவள் மாமாவின் தாடையைப் பிடித்துக்கொண்டாள், நான் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் வைத்தேன். சக்கரத்தின் சத்தம் மாறியபோதுதான் வெள்ளாற்றுப் பாலத்தில் போகிறோம் என்றே தெரிந்தது. இந்த லைனிலேயே பார்க்க வேண்டிய இடம் அதுதான். படம் எடுக்கவில்லை.

கிள்ளை தாண்டும்போது மாமா இரண்டாவது இட்லியைத் தானே பிட்டுக்கொண்டார். டிக்கெட் பரிசோதகர் வந்திருந்தால் அக்காவுக்கு அபராதம்தான். வரவில்லை.

ஆகவே பதில்: காட்சிக்காக என்றால் தேவையில்லை, இரண்டாம் வகுப்பில் இடது பக்க ஜன்னல் போதும். மெத்தைதான் வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறுங்கள். சாப்பாடும் மருந்தும் சாப்பிட வேண்டியவர் மடியில் இருக்கட்டும். சர்க்கரைக்காரர் கூட இருந்தால் பாக்கெட்டில் நாலு மிட்டாய் போடுங்கள்.

சாயங்காலம் மூன்று பேரும் இரண்டாம் வகுப்பில், முட்டி இடிக்க உட்கார்ந்து திரும்பினோம். பாலம் வந்தது. மாமா வேர்க்கடலை மென்றபடி ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"மச்சான், இம்மாம் பெரிய ஆறு. காலைல போவச்சொல்ல இது வரவே இல்லியே?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"வேற வழியா போனோம் மாமா," என்றேன்.