சுவருக்கு அந்தப் பக்கம்

இப்போது நாங்கள் இருக்கும் கிளென் வேவர்லி வீட்டில், மகள் ஜெர்மன் பாடத்துக்காக ஃபோனில் ஒரு சிறுவர் கதையை ஓடவிட்டாள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. கதையில் ஓநாயாகப் பேசியவர் எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரர்.

நாங்கள் ஜெர்மனியில் அகதிகளாக இருந்தபோது அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். நாடக நடிகர். கதைக் கசெட்டுகளுக்குக் குரலும் கொடுப்பார். தனி ஆள். ஒரே வசனத்தைக் கெஞ்சியும் அதட்டியும் சிரித்தும் பத்து விதமாகச் சொல்லிப் பார்ப்பார். சுவரில் காதை வைத்துக் கேட்டே நான் ஜெர்மன் பழகினேன். அவர் தொடங்கினால் அப்பா உடனே ரேடியோச் சத்தத்தைக் கூட்டுவார்.

ஒரு ஞாயிறு மத்தியானம். குசினிக்குள் அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, உதவிக்கு வரச்சொல்லி அவர் கத்தினார். திரும்பவும் கத்தினார்.

"அப்பா, அவர் உதவி கேக்கிறார்."

"அது நடிப்பு. எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பொலிஸ், வம்பு ஒண்டும் வேண்டாம். பேசாமச் சாப்பிடு."

ரேடியோச் சத்தம் கூடியது. அதையும் தாண்டிக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அதே சொல், அதே குரல், கொஞ்சமும் மாறவில்லை. நான் சாப்பிட்டேன். புதன்கிழமை அவர் வீட்டுக் கதவை உடைத்து, வெள்ளைத் துணியால் மூடி அவரை மாடிப்படியால் கீழே இறக்கினார்கள்.

ஃபோனில் ஓநாய் இப்போது கிணற்றுக்குள் கிடந்து உதவி கேட்கிறது. முதலில் கெஞ்சுகிறது, பிறகு சீறுகிறது, பிறகு அழுகிறது.

"ஹீ சவுண்ட்ஸ் சோ ரியல், அம்மா" என்றாள் மகள்.

இல்லை. இது நடிப்பு. எனக்கு வித்தியாசம் தெரியும். ஒன்பது வயதிலும் தெரிந்தது.