மூணு பாத்தி வுட்டுட்டேன்

விண்ணப்பம் எழுதுவதுதான் என் வேலை. யாராவது கேட்டால் இயற்கை விவசாயத்தில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். அது வெறும் ஜம்பம். மண்வெட்டியைப் பிடித்துப் பத்து நிமிடம் கொத்தினால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடியில், துணி காயும் பால்கனியை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து, திருமழிசைப் பக்கம் மண்ணில் நிற்கிற பெண்களுக்காக யார் யாரிடமோ நிதி கேட்டு எழுதுவேன். பன்னிரண்டு வருடமாக இதே பிழைப்பு. களைத்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவள் ஏன் இப்படிச் சலித்துக்கொள்கிறாள் என்று நடுவில் யாரும் கேட்க வேண்டாம்.

எங்கள் குழு பெரியது இல்லை. நசரத்பேட்டையைத் தாண்டி, தொழிற்பேட்டைச் சுவருக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே இன்னும் மனை போடாமல் மிச்சம் இருக்கிற நிலத்தில் கீரையும் காயும் போடுகிற பெண்கள் சிலர். மருந்து அடிக்காமல் போடுகிறார்கள். நிலம் அவர்களுடையது இல்லை, குத்தகைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்குக் கை கொடுக்க, அடுக்குமாடிகளிலிருந்து ஐடி வேலை பார்க்கும் பிள்ளைகள் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வருவார்கள். நல்ல பிள்ளைகள். மண்புழுவைப் பார்த்தால் போட்டோ எடுப்பார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை.

நிதி கொடுப்பவர்களுக்கென்று தனியாக ஒரு மொழி இருக்கிறது. ஒரு வருடம் எல்லாரும் 'காலநிலை' என்பார்கள். அடுத்த வருடம் 'தாங்குதிறன்' வந்துவிடும். வயலில் நடக்கிற வேலை என்னவோ அதேதான்: உரம் போடுவது, நீர் பாய்ச்சுவது, அறுப்பது, கட்டுவது. நான் தலைப்பை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டுவேன். நான் சொல்லும் வருடத்தில் வந்த சொல் 'விதை இறையாண்மை', அதாவது விதைக்காக யார் கையையும் எதிர்பாராமல் இருப்பது. மூன்று வருடத்துக்கு நிதி தருவதாக ஒரு அமைப்பு அறிவித்திருந்தது. என் விண்ணப்பத்தில் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. தட்டும்போதே விரல் கூசியது, ஆனாலும் தட்டினேன்.

அந்த விண்ணப்பத்தின் உயிர் நான் எழுதியதில் இல்லை, ஒரு பெண்ணின் டப்பாவில் இருந்தது. குழுவில் எல்லாரும் அவளைக் கீரைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கணவர் லாரி ஓட்டப் போனவர், வருவதும் தெரியாது போவதும் தெரியாது. காலையில் ஐந்தரைக்குக் கீரை அறுத்து, ஏழு மணிக்குள் எங்கள் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்துவிடுவாள். அவளுடைய அரைக்கீரைக்கு நல்ல பெயர் உண்டு. அறுக்க அறுக்கத் தழைக்கும், எத்தனை முறை அறுத்தாலும் தண்டு முற்றாது, மசித்தால் வெண்ணெய். கடை விதையில் அப்படி வராது. பக்கத்துக் கொல்லைக்காரர் நிலத்தைக் குடோனுக்குக் கொடுத்துவிட்டுப் போகும்போது இவளிடம் ஒரு டப்பா விதை கொடுத்திருக்கிறார். வருடா வருடம் அதிலிருந்தே போட்டு, அதிலிருந்தே எடுத்துக் காப்பாற்றி வந்தாள். இந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் அது இல்லை.

போன மழைக்கு அவள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து டப்பா நனைந்துவிட்டது. பூஞ்சை பிடிக்காமல் பிழைத்தது ஒரு கைப்பிடி. அதையும் வைத்திருக்கப் பயந்து, தண்ணீர் வடிந்ததும் மொத்தத்தையும் விதைத்துவிட்டாள். இதை நான் 'மாற்றத்தின் கதை' என்ற கட்டத்தில் எழுதினேன். அவள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தையும் ஒட்டினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். படித்துவிட்டு அந்த அமைப்பிலிருந்து, திங்கட்கிழமை நேரில் வந்து பார்க்கிறோம் என்று தகவல் அனுப்பினார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கீரைக்காரம்மா போன் செய்தாள்.

"யக்கா, நாயித்திக்கெழம நா இருக்க மாட்டேன். கும்முடிப்பூண்டில நாத்தனார் ஊட்டுல காதுகுத்து கீது. முன்னாடி பாத்திக்கெல்லாம் தண்ணி பாய்ச்சிட்டேன். பின்னாடி மூணு பாத்தி வுட்டுட்டேன். திங்கக்கெழம காத்தால வந்துர்றேன், இன்னா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆள் வந்து பார்க்கப் போகிற நேரத்தில் காதுகுத்து. போதாததற்கு மூன்று பாத்தியைக் கைவிட்டுவிட்டு, அதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்! "சரி சரி, நான் பாத்துக்கறேன்" என்று போனை வைத்தேன். அந்த 'நான் பாத்துக்கறேன்' இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

நான் வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் திருநெல்வேலித் தமிழ், அடுத்த வீட்டில் மதுரை, எதிர் வீட்டில் சேலம். எல்லா ஊர்த் தமிழும் காதில் விழுந்தது, குடியிருப்புச் சுவருக்கு வெளியே பேசிய இந்த மண்ணின் தமிழைத் தவிர. 'கீது' என்று வீட்டில் சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள். ஆக, இங்கேயே பிறந்து, இங்கேயே பொழுதைக் கழித்துவிட்டு, கீரைக்காரம்மா பேசுவதை நான் பாதி ஊகத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'பின்பக்கம் மூன்று பாத்திகள் கைவிடப்பட்டுள்ளன. ஞாயிறு காலை சுத்தம் செய்வோம், எல்லாரும் வரவும்.' பிள்ளைகள் கட்டைவிரலும் கைகூப்பலுமாகப் பதில் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். அந்தப் பழியைப் பிள்ளைகள் தலையில் போட எனக்கு வழியில்லை. மற்ற பெண்கள் காய் விற்கப் போயிருந்தார்கள். பின்பக்கப் பாத்திகளில் இடுப்புயரத்துக்குச் செடிகள் நின்றன. கீழே இலை பழுத்து, தண்டு தடித்து, உச்சியில் பழுப்பும் பச்சையுமாக எதுவோ நீட்டிக்கொண்டு, பார்க்கவே பராமரிப்பு இல்லாத இடமாகத் தெரிந்தது. கட்டுக் கட்டாக வீட்டு வாசலுக்கு வருகிற இளங்கீரையைத்தான் எனக்குத் தெரியும். கதிர் விட்ட அரைக்கீரையை நான் அதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. விதையைப் பற்றி ஒரு முழு விண்ணப்பம் எழுதியவள் நான்.

ஒரு பெண் மட்டும், கணக்கியல் மென்பொருள் எழுதுகிறவள், ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேடம், மேல பூ மாதிரி ஏதோ இருக்கே. பிடுங்கலாமா?"

"முத்திப்போச்சும்மா, பிடுங்கு" என்றேன்.

பிடுங்கினார்கள். நாங்கள் எதையும் எரிப்பதில்லை, அது கொள்கை. ஆகவே அரிவாளால் பொடிப்பொடியாக நறுக்கி, முன்பக்கம் கத்தரிச் செடிகளின் காலடியில் மூடாக்காகப் பரப்பி, மேலே சாணிக் கரைசலை ஊற்றினார்கள். அவ்வளவு நேர்த்தியாக அவர்கள் அதுவரை எதையும் செய்ததில்லை. பதினோரு மணிக்கு மூன்று பாத்தியும் துடைத்துவிட்டதுபோல் இருந்தன. எல்லாருக்கும் மோர் வாங்கிக் கொடுத்தேன். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு, விருந்துப் புடவையோடு, நேரே பஸ்ஸிலிருந்து இறங்கி கீரைக்காரம்மா வந்தாள். தலையில் கனகாம்பரம் வாடியிருந்தது. எனக்குக் கொடுக்க ஒரு கவரில் லட்டு வைத்திருந்தாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"யக்கா, இங்க இருந்த செடிங்க எங்க?"

"நீதானம்மா விட்டுட்டேன்னு சொன்ன. பசங்க வந்து சுத்தம் பண்ணிட்டாங்க."

"வெதைக்கி வுட்டுட்டேன் யக்கா."

"விதைக்குன்னு நீ சொல்லவே இல்லையே."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தேவலை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்: "அத்த வேற சொல்லணுமா? கீரைய வேற இன்னாத்துக்கு யக்கா வுடுவாங்க?"

 அறுக்காமல் விடுவது என்றால் விதைக்கு விடுவது. அந்த நிலத்தில் கால் வைக்கிற யாருக்கும் அதில் சந்தேகம் வராது. அடுக்குமாடியில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்குத்தான், விடுவது என்றால் கைவிடுவது.

அவள் கத்தரிப் பாத்திக்குப் போய்க் குந்தினாள். மூடாக்கைக் கையால் அள்ளி, சாணியோடு தேய்த்து, உள்ளங்கையில் ஊதிப் பார்த்தாள். "பச்ச வெத யக்கா, மொளைக்காது. இன்னும் ஒரு வாரம் வுட்டிருந்தா கறுத்திருக்கும். கைல இருந்த வெத மொத்தமும் அந்த மூணு பாத்திதான்" என்றாள். பட்டுப்புடவையின் கரை சாணியில் கிடந்தது. நான் தூக்கிப் பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

வந்தவர் நல்ல மனிதர். அது ஒரு கஷ்டம். திமிர் பிடித்தவராக இருந்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தார், எல்லாப் பெண்களையும் வணங்கினார், மண்ணை எடுத்து முகர்ந்தார். பின்பக்கம் வந்து காலிப் பாத்திகளைப் பார்த்து, "தோட்டம் நல்ல களையா இருக்கு. இவ்வளவு சுத்தமா வெச்சு நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். பிறகு கீரைக்காரம்மாவை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். "உங்க கதையப் படிச்சிட்டுத்தாம்மா வந்தேன். அந்த அரைக்கீரைல விதை எடுத்தாச்சா? எங்க இருக்கு?"

 உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. சொன்னால் மூன்று வருட நிதி போய்விடும், மற்ற பெண்கள் வரப்போரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று இன்னொரு பக்கம்.  கீரைக்காரம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கீது சார். யக்காகிட்ட குட்த்து வெச்சிகீறேன். பத்திரமா கீது."

அவர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன்.

அவர் போன பிறகு மன்னிப்புக் கேட்டேன். "வுடு யக்கா, தெரியாமதான செஞ்ச" என்றாள். லட்டுக் கவரை என் கையில் கொடுத்துவிட்டுப் புடவையை அலசப் போனாள். வீட்டில் அந்த லட்டு நாலு நாள் ஃப்ரிட்ஜில் இருந்தது. என்னால் தின்னவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பழைய கொல்லைக்காரரைத் தேடி அம்பத்தூரில் மகன் வீட்டுக்கே போனேன். அவர் இப்போது மாடியில் மணிபிளான்ட்தான் வைத்திருந்தார், விதை எதுவும் இல்லை. பூந்தமல்லிக் கடைகளில் பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். முளைத்தது, வளர்ந்தது, இரண்டு முறை அறுப்பதற்குள் தண்டு நார் நாராகிவிட்டது. "முன்ன மாதிரி இல்லையேம்மா" என்று எங்கள் அடுக்குமாடிக்காரர்களே அவளிடம் சொன்னார்கள். முதலில் நாலு வீடு வாங்குவதை நிறுத்தியது, அப்புறம் ஒரு மாடி மொத்தமும் போன் ஆப்பில் வாங்க ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் டிவிஎஸ் சத்தம் கேட்கவில்லை என்பதை நான் மதியம்தான் கவனித்தேன். வேறொரு விண்ணப்பத்தில் மூழ்கியிருந்தேன்.

ஆடி மாதம் நிதி ஒப்புதல் கடிதம் வந்தது. முதல் பக்கத்தில் அவள் டப்பாவோடு நிற்கிற அதே படத்தைப் போட்டிருந்தார்கள். தோட்டத்திலேயே ஒரு விதை அறை கட்டலாம், அதை அவள் பொறுப்பில் விடலாம் என்று நான்தான் எழுதியிருந்தேன். அதற்கும் சம்மதம் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் நான் கேட்டதை முழுசாகக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷம் வரவில்லை. ஆனால் அவளிடம் சொல்ல ஒரு நல்ல செய்தியாவது இருக்கிறதே என்று போன் செய்தேன்.

பின்னால் ஒரே பாத்திரச் சத்தம். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருப்பதாகச் சொன்னாள். நான் விஷயத்தைச் சொன்னேன். விதை அறை, மூன்று வருடம், அவள் பொறுப்பு, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லது யக்கா. மத்தவங்களுக்கு ஒதவும். நா பாத்திய எல்லாம் வுட்டுட்டேன்."

எனக்குள் ஒரு அசட்டு நம்பிக்கை எழுந்தது. எங்கேயோ நாலு செடி தப்பி முளைத்திருக்கும், சொல்லாமல் வளர்த்திருப்பாள் என்று நினைத்தேன்.

"விதைக்காம்மா?" என்றேன்.

"இல்ல யக்கா" என்றாள். "நீ அன்னிக்கி புரிஞ்சிகினியே, அந்த மாரிதான்."