சாப்பிடச் சொல்லிச் சம்பளம்

சோறு போடுகிற தொழில் உண்டு, சோறு விற்கிற தொழில் உண்டு. ஊர் ஊராகப் போய் "வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், சாப்பிடுகிறவரைக் கேலி பண்ணாதீர்கள்" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிற தொழிலும் ஒன்று உண்டு, அதைத்தான் நான் திருத்தணியில் செய்துகொண்டிருக்கிறேன். இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்க ஆரம்பித்து, அதுவே நோயாகி, பிறகு நினைத்தாலும் சாப்பிட முடியாமல் போகிற பிள்ளைகளை முன்னாலேயே கண்டுபிடிப்பது எங்கள் சின்ன அமைப்பின் வேலை. எனக்குக் கொஞ்சம் பூசின உடம்பு. அதனால் பாதிப் பேர் என்னைச் சத்துமாவு விற்க வந்தவள் என்றும், மீதிப் பேர் அந்த மாவைத் தின்று கெட்டவள் என்றும் நினைக்கிறார்கள். கல்யாண மண்டப வாசலில் "என்ன, ஒரு சுத்து பெருத்துட்டே?" என்று விசாரிக்கப்பட்ட எல்லாரும் எனக்குப் பங்காளிகள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

நன்றியுரை

பள்ளிப்பட்டில் மகளிர் குழுக் கூட்டம். சுகர் பார்க்க வந்த மேடம் என்று நினைத்து எல்லாரும் விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஊசி இல்லை என்றதும் பாதி வரிசை வீட்டுக்குப் போனது. மிச்சமிருந்தவர்களிடம் ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினேன். யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தையே 'குண்டாயிட்டே', 'இளைச்சிட்டே' என்று ஆரம்பிக்காதீர்கள், வயசுப் பிள்ளைகள் அதை மனசில் போட்டுக்கொண்டு தட்டைத் தள்ளிவிடுகிறார்கள், நல்லா இருக்கியா என்று கேட்டால் போதும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கே என் பேச்சின்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

கடைசியில் குழுத் தலைவி நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தார். "மேடம் போன வருசம் வந்தப்போ இந்தக் கதவுல நுழையவே கஷ்டப்பட்டாங்க. இப்போ எவ்ளோ இளைச்சி அழகா வந்துகினு இருக்காங்க பாருங்க, அதுக்கு எல்லாரும் ஜோரா ஒரு தபா கை தட்டுங்க."

ரேங்க் லிஸ்ட்

ஒரு பள்ளிக்கூடம். பேர் சொல்லமாட்டேன், நாளைக்கும் நான் அங்கே போகவேண்டும். நான் வரப்போகிறேன் என்று தெரிந்ததும் தலைமையாசிரியை முந்தின நாளே எல்லாப் பெண்பிள்ளைகளையும் எடை பார்த்து, எடை குறைந்தவருக்கு முதல் இடம் என்று வரிசைப்படுத்தி, நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைத்திருந்தார். முதல் மூன்று பேருக்கு மேடையில் என் கையால் பரிசு. பரிசு என்ன தெரியுமா? டிபன் பாக்ஸ்.

எனக்கு வந்த கோபத்தில் குடித்த தண்ணீர் புரையேறியது. இதைத்தானே பண்ணாதீர்கள் என்று சொல்ல வந்தேன், இந்தப் பிள்ளைகள் மனசு என்ன பாடுபடும் என்று அவர் அறையிலேயே கேட்டுவிட்டேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு எங்களுக்கும் தெரியும் மேடம், அதனாலதான் பேர் போடாம வெறும் ரோல் நம்பர் மட்டும் போட்டிருக்கோம்."

நாலாவது தடவை

எனக்கு ரவிக்கை தைக்கிற வசந்தாக்காவின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருக்கிறது. ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவர் நோட்டில் உண்டு. ஓர் அளவைக்கூட அவர் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. எழுதிக் காட்டுவார், நாம் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் என்னை மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டு ஒரு மெரூன் பட்டு ரவிக்கையைக் காட்டினார்.

திருவாலங்காட்டுப் புவனாவுடையது. கரும்புக்கார வீட்டு ஒரே பெண், பத்தொன்பது வயசு, ஆவணியில் கல்யாணம். சித்திரையில் நிச்சயம் நடந்தபோது, நகரியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை, 'பொண்ணு லட்சணம்தான், போட்டோவுல பையன் தெரியமாட்டான், அவ்ளோதான்' என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். சபையும் சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து ரவிக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்துத் தைக்கச் சொல்லிப் புவனா வந்தபடி இருக்கிறாள். வசந்தாக்கா ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கல்யாணப் பொண்ணுங்க ஒரு தபா புடிக்கச் சொல்வாங்க, சகஜம். இது நாலாவது தபா மேடம். டேப்பு எலும்பு மேல ஓடுது."

புதன்கிழமை

மறுநாளே போனேன். புவனாவின் அம்மா என்னை உட்காரவைத்து இலை போட்டுவிட்டார். ஆனி வெயிலில் அந்தப் பெண் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கை பட்டது, ஐஸ். நீயும் உட்காரேன் என்றேன். விரதம் என்றாள். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. நடுவில் சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம். புதனும் ஞாயிறும் எந்தச் சாமியும் கேட்கலையா என்றேன். "அன்னைக்கு எனக்குப் பசிக்காதுக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு ஊராக இருந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். இங்கே நிமிர்ந்தால் முருகன் மலை, சாப்பிடாத பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நான் சாம்பார் முடித்து ரசத்துக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டு அம்மாக்கள் இரண்டு பேர் வந்து அவள் கையால் விபூதி வாங்கிக்கொண்டு போனார்கள். இது விரதம் இல்லை, முடி கொத்தாகக் கொட்டுகிறது, நிற்கும்போது சுவரைப் பிடிக்கிறாள், இப்படியே விட்டால் நெஞ்சு நின்றுபோகும், இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள் என்று அந்த அம்மாவிடம் கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க நல்லா சாப்புடறவங்க, உங்களுக்கு விரதம்னா வியாதியாத்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?"

வாக்கு

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை புவனா மலைக்குப் படியேறப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். முந்நூற்று அறுபத்தைந்து படி. தனியாக விட மனசில்லாமல் நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். நூறாவது படியில் என் மூச்சு என்னைவிட்டுத் தனியாகப் போனது. அவள் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே இருந்தாள். எனக்கு மேலே அறுபது, எழுபது படியில் திடீரென்று கூட்டம் கூடியது. அவள்தான் விழுந்துவிட்டாள் என்று புரிந்து, நான்கு கால் பாய்ச்சல் என்பார்களே, நிஜமாகவே கையையும் ஊன்றி ஏறிப் போனேன்.

போய்ப் பார்த்தால் கற்பூரம் எரிகிறது. பெண்ணுக்கு அருள் வந்துவிட்டதாம். கண் செருகிக் கிடக்கிறவளைச் சுற்றி நின்றுகொண்டு ஒருவர் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்கிறார், இன்னொருத்தி எலுமிச்சம்பழம் நீட்டுகிறாள். சாமி இல்லை, பசி மயக்கம், வழி விடுங்கள் என்று கத்தினேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருக்கிறீர்கள், தொடாதீர்கள் என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் மணவூர்க்காரர் ஒருவர், ஃபேக்டரி வேலை போய் வீட்டில் இருப்பவர், காலடியில் விழுந்து, என்ன தொழில் வைக்கட்டும் தாயே என்று கேட்டார். புவனாவின் உதடு அசைந்தது. "இட்லி" என்றாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுபடியும் அசைந்தது. "ரெண்டு இட்லி."

நான் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆட்டோவுக்கு யாராவது ஓடுங்கள் என்று அழுதுகொண்டிருக்கிறேன். அந்த மனிதர் என் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டார். "ரெண்டுன்னா, ரெண்டு கடையா மேடம்?"

வராந்தா

திருவள்ளூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். புவனாவின் அம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியிருக்க வேண்டும்; தோன்றவில்லை, அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மூணு மாசமா என்கிட்ட ஒரு வாய் கேக்கல. படியில போறவன்கிட்ட கேட்டிருக்கா, ரெண்டு இட்லி."

சட்னி

படம் மாதிரி ஒரே பாட்டில் அவள் குணமாகிவிடவில்லை. மாசக்கணக்கில் டாக்டர், வாரம் ஒரு கவுன்சிலிங், இரண்டு நாள் சாப்பிட்டால் மூன்றாவது நாள் தட்டைப் பார்த்து அழுகை. கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. மாப்பிள்ளைப் பையன் அத்தையிடம் பேசுவதையே நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இதற்கிடையில் மணவூர் ஸ்டேஷன் பக்கத்தில் 'புவனா தாயார் வாக்கு இட்லிக் கடை' என்று போர்டு வைத்துவிட்டார் அந்த மனிதர். திறந்துவைக்க அவள்தான் வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். போர்டைப் பார்த்ததும் புவனா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கட்டாயப்படுத்தக் கூடாது, சாப்பிடுகிறவரை உற்றுப் பார்க்கக் கூடாது என்று எங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே முப்பது பேர் சுற்றி நின்று உற்றுப் பார்த்தார்கள். நான் அவர்களைத் தெருப் பக்கம் விரட்டினேன். கடைக்காரர் இலையில் இரண்டு இட்லி வைத்துக் கைகட்டி நின்று, அன்றைக்கு வாக்கில் சட்னி எதுவென்று வரவில்லையே, தேங்காயா காரமா என்று பயபக்தியோடு கேட்டார். அவள் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆங், ரெண்டும் வைங்க நைனா."

உள்ளே இருந்த துணி

மார்கழிக் கடைசியில் புவனாவைக் கூட்டிக்கொண்டு வசந்தாக்கா கடைக்குப் போனேன். மெரூன் ரவிக்கை இப்போது ஏறவே ஏறாது. அந்த அளவு நோட்டையும் டேப்பையும் பார்த்தால் இந்தப் பெண் மறுபடி உடைந்துபோவாளோ என்று எனக்குத்தான் பயம். புதுத் துணி வாங்கிவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். வசந்தாக்கா டேப்பை எடுக்கவே இல்லை. நோட்டையும் திறக்கவில்லை. ரவிக்கையை உள்பக்கம் திருப்பி, பிளேடால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பட்டு அப்படியே விரிந்து வந்தது. புவனா போட்டுப் பார்த்தாள், நிச்சயத்துக்கு முன்னால் எடுத்த அளவு கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

வசந்தாக்கா நூல் பிசிறைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "நாலு தபாவும் புடிச்சித்தான் தச்சேன், ஒரு தபாகூட கத்தரி வைக்கல. நீ திரும்பி வருவேன்னு வச்சிருந்தேன் கண்ணு."

இந்த வட்டாரத்தில் ஒரு தையல்காரியும் ஒரு இட்லிக்காரரும் செய்து முடித்த வேலைக்கு, மாதாமாதம் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவள் நான்தான்.