முடிஞ்சா வாங்க சார்

போன வியாழக்கிழமை சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினேன். கடலூரில் ஒரு மன்றத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு? 'இனிமையாகப் பேசுவோம்'. நானே கொடுத்த தலைப்புதான்.

செம்மங்குப்பத்தில் ஒரு கூட்டம் ஏறியது. கெமிக்கல் கம்பெனிகளில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள். அதில் ஒருவர் ஆட்களை விலக்கிக்கொண்டு என் சீட் அருகே வந்து நின்றார்.

"வணக்கம் சார். தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஒரு நிமிஷம் உங்ககூடப் பேசலாங்களா?"

இருதயராஜ்! எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வணக்கம், மன்னிப்பு, அனுமதி... நான் சொல்லிக்கொடுத்த வரிசை ஒன்றுகூட மாறவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற நான், இப்போது அண்ணாமலை நகரில் உட்கார்ந்துகொண்டு கம்பெனிகளுக்கு 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' வகுப்பு எடுக்கிறேன். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி — பெயர் வேண்டாம் — கூப்பிட்டது. அங்கே ஹெச்.ஆர். அதிகாரிக்கு ஒரு மனக்குறை.

"எங்க ஆப்பரேட்டர்ஸ் பேசறது ரொம்ப முரட்டுத்தனமா இருக்கு சார். காது குடுத்துக் கேக்க முடியல" என்றார்.

முரட்டுத்தனத்துக்கு அவர் காட்டிய உதாரணம்தான் இருதயராஜ். பம்ப் ஹவுஸ் ஆப்பரேட்டர். ஒருநாள் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்திருந்த நேரம், அதிகாரி அறையில் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. இவர் அந்தப் பக்கமிருந்து கத்தியிருக்கிறார்: "சார், லைன் அடச்சிக்கிச்சி! அங்க என்னா பண்ணிக்கினு இருக்கீங்க, ஓடியாங்க!"

விருந்தாளிகளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சத்தம் தெரியுமே! அதற்காக இருதயராஜை எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அதன் பிறகுதான் வகுப்பு.

வகுப்பு நடுவே மின்வெட்டு. ப்ரொஜெக்டர் செத்துவிட்டது. வேர்த்து வழிய, வெறும் வாயாலேயே நடத்தினேன். முதலில் வணக்கம் சொல்லுங்கள். பெயர் சொல்லுங்கள். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேளுங்கள். 'வாங்க' என்பது கட்டளை; 'முடிஞ்சா வாங்க' என்பது மரியாதை. கெட்ட செய்தியை எடுத்த எடுப்பில் முகத்தில் அடிக்காதீர்கள் — மெத்தையில் வைத்துக் கொடுங்கள்.

மெத்தை வாக்கியம் சொந்தச் சரக்கு. அதற்குக் கைதட்டல் கிடைத்தது. இதையெல்லாம் விதிமுறையாக எழுதியும் கொடுத்தேன்; போன் பக்கத்தில் ஒட்டி வைத்தார்கள். கடைசியில் ஆளுக்கு ஆள் போன் பேசுவதுபோல நடிக்கச் சொன்னேன். முதலிடம் யாருக்கு? இருதயராஜுக்குத்தான். போன மாதம் இதே பக்கத்தில் அதைப் பெருமையடித்து எழுதினேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்.

பஸ்ஸுக்கு வருகிறேன்.

"சொல்லுங்க இருதயராஜ்" என்றேன்.

"ஒரு பதில் எழுதணும் சார். கம்பெனியில எனக்கு மெமோ குடுத்திருக்காங்க. நல்ல மரியாதையான இங்கிலீஷ்ல நீங்க எழுதித் தந்தீங்கன்னா..."

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். படித்தேன். 'ஆபத்தான சூழ்நிலையை உரிய அவசரத்துடன் தெரிவிக்கத் தவறியது ஏன்? விளக்கம் தருக.'

"என்ன ஆச்சு?"

"மச்சானுக்குக் கண்ணுல ஆசிட் பட்டுடிச்சி சார். இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

மச்சான் என்பது முருகவேல். உறவு கிடையாது. ஒரே ஷிஃப்டில் வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை பார்ப்பதால் வந்த மச்சான்.

பஸ்ஸில் நின்றுகொண்டே, கம்பியைப் பிடித்த கையை மாற்றி மாற்றிச் சொன்னார். பம்ப் ஒன்றில் குழாய் சேரும் மூட்டுப் பக்கம் ஆசிட் கசிந்திருக்கிறது. லைனை நிறுத்தினால் அடுத்த கட்ட வேலையெல்லாம் நின்றுவிடும். அதனால் ஷிஃப்ட் இன்ஜினீயர் வந்து சொல்லாமல் ஆப்பரேட்டர் நிறுத்தக்கூடாது என்பது அங்கே சட்டம். இவர் போனை எடுத்திருக்கிறார்.

"என்ன சொன்னீங்க?"

சொன்னார். அப்படியே எழுதுகிறேன். என் காதில் இன்னும் இருக்கிறது.

"வணக்கம் சார், பம்ப் ஹவுஸ்லேர்ந்து இருதயராஜ் பேசறேன். தொந்தரவுக்கு மன்னிக்கணும். நீங்க வேலையா இருப்பீங்க. முடிஞ்சா, நேரம் கெடைக்கும்போது இந்தப் பக்கம் கொஞ்சம் வந்தீங்கன்னா நல்லாருக்கும் சார். பம்புல லேசா கசியிற மாதிரி இருக்குது."

"லேசாவா கசிஞ்சுது?"

"இல்ல சார். ஜாஸ்தியாதான் ஒழுவுச்சி."

"அப்புறம் ஏன் லேசான்னு சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. பரீட்சையில் சரியாக எழுதியும் மார்க் வராத பையனின் பார்வை.

"மெத்தை சார்" என்றார்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கடலூர் வரட்டும், இறங்கி ஓடிவிடலாம் என்று தோன்றியது நிஜம்.

இன்ஜினீயர் வரவில்லை. கீழே ஆசிட் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஆட்கள் நடக்கும் வழி. அது வழியில் பரவாமல் இருக்க, முருகவேல் ஒரு தொட்டியை இழுத்து மூட்டுக்குக் கீழே வைக்கப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மூட்டு பிய்த்துக்கொண்டது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதன் ஓரமாக ஆசிட் புகுந்துவிட்டது.

"அப்பதான் சார் கத்துனேன். பழைய மாதிரி. லைனையும் நானே நிறுத்திட்டேன். மச்சானை இழுத்துக்கினு போயி குழாய்க்குக் கீழ தலைய வெச்சேன். அதுக்குள்ள நாலா பக்கமும் ஆளு வந்துட்டாங்க."

கடலூரில் இறங்கியதும் மன்றத்துக்குப் போன் போட்டேன். திடீரென்று வயிறு சரியில்லை என்றேன். ரொம்ப இனிமையாகச் சொன்ன பொய். பிறகு இருதயராஜோடு நடந்தேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. முருகவேல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கண்ணில் கட்டு. கன்னத்தில் தோல் வெந்து கறுத்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி லட்சுமி.

"எங்க சார்" என்று இருதயராஜ் என்னை அறிமுகப்படுத்தினார். அந்த 'எங்க'வைக் கேட்டதும் கூசிப்போனேன்.

லட்சுமி இருந்த ஒரே ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். உட்காராமல் நின்றேன்.

"பார்வை வந்துடும்னுதான் டாக்டரு சொல்றாரு. உடனே கழுவுனதால தப்பிச்சிதாம். ஆனா வெளிச்சம் பார்த்தா கூசுது, தண்ணியா கொட்டுது" என்றார். சொல்லிவிட்டு இருதயராஜ் பக்கம் திரும்பினார். "ஏண்ணா, தெருவுல ஆடு போனாக்கூட ஊருக்கே கேக்கறாப்புல கத்துவீங்களே! அன்னிக்கின்னு பார்த்து என்னா ஆச்சி உங்களுக்கு?"

இருதயராஜ் வாய் திறக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மௌனத்தை ஏற்றுக்கொண்டு நான் வெளியே வந்திருக்கலாம். எத்தனை வசதி!

"நான்தாம்மா சொல்லிக்குடுத்தேன். அப்படிப் பேசச் சொன்னது நான்தான்" என்றேன்.

லட்சுமிக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"மருவாதியா பேசத்தானே சொன்னீங்க? அது தப்பில்லையே" என்றார். கட்டில் விரிப்பை இழுத்து விட்டபடி, "ஆனா சார், நெருப்புப் புடிச்சா எப்படிப் பேசணும்னும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். கட்டிலிலிருந்து முருகவேல், "வுடு லட்சுமி, பெரியவர்கிட்ட..." என்று அடக்கினார். அங்கேயும் என் மரியாதைக்குத்தான் முதலிடம்!

மறுநாள் காலை கம்பெனிக்குப் போனேன். விளக்கம் எழுதித் தரவில்லை. எழுத ஒன்றும் இல்லை. ஹெச்.ஆர். அதிகாரியின் அறையில் ஷிஃப்ட் இன்ஜினீயர் பிரகாஷையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சின்ன வயதுதான். முகம் தூங்காமல் வீங்கியிருந்தது.

"எனக்கு அது அவசரமாப் படவே இல்ல சார்" என்றார் பிரகாஷ். "முடிஞ்சா வாங்கன்னாரு. லேசான்னாரு. நான் ரிப்போர்ட்டை முடிச்சிட்டுப் போலாம்னு உட்கார்ந்துட்டேன். அவர் வழக்கம்போல கத்தியிருந்தா எழுந்து ஓடியிருப்பேன்."

"கத்தினதுக்குத்தானே மன்னிப்புக் கேட்க வெச்சீங்க?" என்றேன்.

அதிகாரி மேஜையிலிருந்த மெமோ நகலைத் திருப்பி வைத்தார்.

"அந்த மெமோ என் பேருக்கு வந்திருக்கணும். 'முடிஞ்சா' என் வார்த்தை. 'லேசா' என் வார்த்தை. போன் பக்கத்துல ஒட்டியிருக்கிற விதிமுறையும் நான் எழுதினதுதான். அவர் அதுல ஒண்ணுகூடப் பிசகலை. இதை எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

ஹெச்.ஆர். அதிகாரி தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "தயவுசெய்து தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க மேல எங்களுக்குப் பெரிய மதிப்பு. இதைப் பெருசாக்க வேண்டாமேன்னு பார்க்கறோம்."

மெத்தை! எனக்கே விரித்தார். எத்தனை கதகதப்பு, எத்தனை வழுக்கல்! அதில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நான் என்ன விற்றுக்கொண்டிருந்தேன் என்று எனக்கே விளங்கியது.

நான் எழுந்திருக்கவில்லை. பிரகாஷ்தான் வாயைத் திறந்தார். "சார், போன் வந்ததும் நான் போயிருக்கணும். அவர் எப்படிச் சொன்னாலும், பம்ப் ஹவுஸ்னு காதுல விழுந்ததே போதும். மெமோவை வாபஸ் வாங்கிடுங்க. விளக்கத்தை நான் எழுதித் தர்றேன்."

வாபஸ் வாங்கினார்கள். அன்று சாயங்காலம் பிரகாஷ் ஆஸ்பத்திரிக்குப் போய் முருகவேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். இருதயராஜ் போனில் சொன்னார். வணக்கம், மன்னிப்பு எதுவும் இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்: "சார், நல்ல சேதி! மச்சானுக்குக் கட்டு அவுத்துட்டாங்க. எழுத்து தெரியுதாம்!"

எவ்வளவு அழகாக இருந்தது அந்தச் சத்தம்!

ஒன்று யோசித்துப் பார்த்தேன். ஆபீஸில் மரியாதை எப்போதும் கீழேயிருந்து மேலேதான் ஏறுகிறது. மேலே இருப்பவர் 'உடனே வா' என்றால் அதற்குப் பெயர் நிர்வாகம். கீழே இருப்பவர் 'உடனே வாங்க' என்றால் முரட்டுத்தனம். பேசுகிறவனுக்கு ஆயிரம் வகுப்பு. கேட்கிறவருக்கு? நானே இத்தனை வருஷத்தில் ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இப்போது தோன்றி, அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். அதிகாரிகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன் — கீழே இருப்பவர் சொல்வதைக் கேட்பது எப்படி என்று. பதில் உடனே வந்தது. 'தங்களின் மேலான யோசனைக்கு மனமார்ந்த நன்றி. உரிய நேரத்தில் பரிசீலித்துத் தங்களைத் தொடர்பு கொள்கிறோம்.'

வகுப்பு வேண்டாம் என்று இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியுமா?

நான் என்ன செய்தேன்? 'தங்கள் அன்பான பதிலுக்கு மிக்க நன்றி' என்று அடித்து அனுப்பிவிட்டேன்... கை தானாகச் செய்தது, வெட்கம் பிறகுதான் வந்தது.