எலி தின்ற ஒலிபெருக்கி

ஊமைப் பெட்டி ஒன்றை ஏலத்தில் எடுத்து, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் கிடத்தி, பாண்டியிலிருந்து வில்லியனூருக்கு வந்து சேர்ந்தோம், நானும் என் கூட்டாளியும். கப்பலேறிப் போய்விட்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டுச் சாமான் அது. கிராமபோன், வால்வுப் பெட்டி, மைக், ஒலிபெருக்கி. முதல் மூன்றும் உயிரோடு இருந்தன. நான்காவதின் வயிற்றில் எலி குட்டி போட்டிருந்தது. எலி மட்டும் இல்லையென்றால் அந்தச் சாமான் எங்கள் கைக்கு எட்டும் விலைக்கு வந்திருக்காது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சந்தை வீதியில் சைக்கிள் கடை. கூட்டாளிக்கும் என் வயதுதான். பாண்டிப் பஞ்சாலையில் ஒரே ஷிப்டில் எண்ணெயும் பஞ்சும் மூச்சில் ஏற நின்றவர்கள். ஆலைக்குள் யாருக்கும் யாரும் வாப்பா, போப்பாதான். வெளியே வந்தால் என் தெரு வேறு, அவன் தெரு வேறு. ஆள் குறைத்தபோது எங்கள் இருவரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். நான் கடை வைத்தேன். அவன் தன் ஊருக்குத் திரும்பினான். அங்கே அவனுக்காகப் பறை காத்திருந்தது.

அவன் குடும்பத்துக்கு ஊர் விதித்த வேலை அது. ஊர்த்தெருவில் யார் செத்தாலும் அவன் வீட்டு ஆள் தெருத்தெருவாகச் சாவு சொல்லி, போய்ப் பறை அடிக்க வேண்டும். அறுப்புக் காலத்தில் களத்தில் அள்ளிப் போடும் நெல்லை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கார்த்திகையில் ஊர்ப் பண்ணையார் வாசலுக்குப் போய், இனி அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். பண்ணையார் கோபப்படவில்லையாம், சிரித்தாராம். வேறு பிழைப்பு என்ன இருக்கிறது உனக்கு, நீயே வந்து நிற்பாய் என்றாராம். களத்து நெல் நின்றுபோயிற்று. வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும்.

தை மாதக் கடைசியில் கரியமாணிக்கத்தில் ஒரு கரும்பு விவசாயி வீட்டுக் கல்யாணம். பாட்டுப் பெட்டி வேண்டும் என்று என் கடைக்கே வந்து கேட்டிருந்தார். பெட்டி பேசினால் என் கூட்டாளி விசேஷங்களுக்குப் பாட்டுப் போடும் செட்டுக்காரன். பேசாவிட்டால் பண்ணை வாசல்.

ஒலிபெருக்கியின் உள்ளே பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். தாளால் செய்த புனல் ஒன்று. அதன் குறுகிய அடியில் மயிரிழைக் கம்பி சுற்றிய சிறு சுருள், காந்தத்தின் இடுக்கில் எதையும் தொடாமல் தொங்கும். புனலின் அகன்ற விளிம்பு ஓர் இரும்பு வளையத்தில் ஒட்டியிருக்கும். சுருள் துடித்தால் புனல் துடிக்கும், புனல் துடித்தால் காற்று பேசும். எங்களுடையதில் விளிம்பு முழுவதையும் எலி தின்றிருந்தது. சுருளுக்குப் போகும் கம்பியை அறுத்திருந்தது. புனலின் நடுவே இரண்டு ஓட்டை. புதிய புனல் சென்னையில் கிடைக்கும் என்றார்கள். அதன் விலையும், பிரெஞ்சு எல்லைச் சாவடியில் அதற்குக் கட்ட வேண்டிய சுங்கமும் சேர்ந்து எங்களைப் பார்த்துப் பல்லிளித்தன.

ஆகவே கையில் கிடைத்ததெல்லாம் உதிரிபாகம் ஆயிற்று. ஊர் நிர்வாகம் பார்க்கும் கொம்யூன் ஆபீசில் மை ஒற்றித் தூக்கிப்போட்ட ஒற்றுத்தாள்களைக் குமாஸ்தாவிடம் கேட்டு வாங்கினேன். புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஓட்டைகளை அடைத்தேன். புனல்மேல் யாரோ ஒரு பெரிய மனிதரின் பிரெஞ்சுக் கையெழுத்து, தலைகீழாகத் திரும்பி நீல நிறத்தில் நெளிந்தது. எந்த உத்தரவுக்குக் கீழே போட்ட கையெழுத்தோ, இனி அது பாட்டுக்கு ஆடப் போகிறது என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சுருளுக்குப் போகும் கம்பி நாளெல்லாம் வளைந்து வளைந்தே வாழ வேண்டியது. செம்புக் கம்பி போட்டோம்; பத்து நிமிஷத்தில் ஒடிந்தது. நூலின்மேல் உலோகம் சுற்றியதாக ஒன்று வேண்டும். அப்படி என் வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. போய் என் மனைவியின் முன்னால் நின்றேன்.

"எங்கம்மா வூட்டுச் சீர்ப் புடவையில சரிகைய உருவி, எலி தின்ன பொட்டிக்குக் கட்டப்போறீங்களா? நல்லா கீது நாயம்" என்றாள்.

  பிறகு அவளே துணிப்பெட்டியைத் திறந்து, முந்தானையில் ஏற்கெனவே கிழிந்திருந்த மூலையைத் தேடி, பல்லால் கடித்து நான்கு இழை உருவிக் கொடுத்தாள். "பாடலன்னா புடவைய நீங்களே நெய்ஞ்சி குடுங்க."

வெள்ளிச் சரிகை. ஆயிரம் தடவை வளைத்துப் பார்த்தோம், ஒடியவில்லை.

விளிம்புக்குத் தோல்தான் என்று இருவருமே முடிவு செய்தோம். தோல் என்றதும் கூட்டாளி என் கையை விலக்கிவிட்டான். சந்தைக் கசாப்புக்காரரிடம் வெள்ளாட்டுக் குட்டித் தோல் ஒன்று வாங்கி, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டினான். சுரண்டச் சுரண்டத் தோலின் அந்தப் பக்கத்திலிருந்து வெயில் வந்தது. டெண்டு சினிமாக்காரர் வெட்டி எறிந்த பிலிம் துண்டுகளைச் சுருளைச் சுற்றி நான் செருகிக்கொண்டேன், சுருள் நடுவில் நிற்பதற்காக. பசை காய்ந்தபின் அவற்றை உருவிவிடுவது என் வேலை. மற்றதெல்லாம் அவன் வேலை.

அவன் தோலை வட்டப் பட்டையாக வெட்டி, புனலுக்கும் வளையத்துக்கும் நடுவே பரப்பி, இழுத்தான். நரம்பு புடைக்க இழுத்தான். வச்சிரப் பசை தடவி, சணல் கயிற்றால் சுற்றிக் கட்டி, மறுபடி இழுத்தான். இரண்டு நாள் காயவைத்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, கடையின் பின்னால் வைக்கோலைக் கொளுத்தி, வளையத்தைத் தீயின்மேல் பிடித்துச் சுழற்றினான். இடையிடையே விரலால் தட்டி, காதில் வைத்துக் கேட்டான். தோல் கணீரென்றது. நான் அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் சந்தேகமே எழவில்லை. ஓசை தரும் தோல் எதையும் தீ காட்டி முறுக்கேற்றாமல் எங்கள் பக்கத்தில் யாரும் தொட்டதில்லை.

இரவல் பேட்டரி ஒன்றைப் பூட்டி, கிராமபோனில் பாட்டுப் பிளேட்டைச் சுழலவிட்டேன். பித்தளைச் சொம்புக்குள் அகப்பட்ட கொசுவின் குரல் வந்தது. பாடுகிறவரின் மூக்கு மட்டும் எங்களிடம் வந்து சேர்ந்தது. நெஞ்சும் வயிறும் பாண்டியிலேயே தங்கிவிட்டன. சுருளைப் பார்த்தேன், உரசவில்லை. சரிகை அறுபடவில்லை. வால்வுகள் எரிந்தன. எதிலும் குற்றமில்லை, பெட்டிதான் பாடவில்லை.

அவன் குந்தி உட்கார்ந்தான். வெகுநேரம் தீயின் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"வுடு பா. இந்தத் தோலையாவது உரிச்சி எடுத்துக்கினு போறேன். பண்ணை வாசல்ல நிக்கறப்போ கையில எதனா இருக்கணும்ல."

சிரிப்பதற்காகச் சொன்னது அது. என்னால் சிரிக்க முடியவில்லை. பிளேட்டிலிருந்து ஊசியைத் தூக்கவும் மனம் வரவில்லை. கொசு பாடிக்கொண்டே இருந்தது. அவன் சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து, தோலை ஊறவைத்து உரிப்பதற்காக விளிம்பைச் சுற்றி விரலால் நனைத்தான். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் தோல் தொய்ந்தது.

பெட்டிக்குள்ளிருந்து மிருதங்கத்தின் இடது பக்கத்துக் கனத்த ஓசை வந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவன் இன்னும் கொஞ்சம் நனைத்தான். பாடுகிறவருக்கு நெஞ்சு வந்தது, வயிறு வந்தது, கடைவாசலில் பஞ்சர் ஒட்ட நின்றவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மூச்சு வந்தது. அவன் உள்ளங்கையைப் புனலுக்கு மேலே, தொட்டும் தொடாமலும் வைத்தான். 

"இது அடி வாங்கற தோல் இல்ல பா. ஆடுற தோலு."

பிறகு என்னால் அவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அத்தனையையும் பிரித்தான். மிச்சமிருந்த தோலை வெட்டி, இழுக்காமல், புடவைக் கொசுவம்போல ஒரு மடிப்பு விட்டு ஒட்டினான். காய்ந்தால் இறுகிவிடுமே என்றேன். விளக்கெண்ணெய் கொண்டுவரச் சொன்னான். எண்ணெய் குடித்த தோல் குழந்தையின் காதுமடல் மாதிரி துவண்டு கிடந்தது. நான் மறுபடி பிலிம் செருகினேன், மறுபடி உருவினேன். வெயில் சாய்வதற்குள் முடிந்தது. முடிந்தது என்று நம்பினோம்.

கல்யாணக் காலையில், மதகடிப்பட்டு லாரிக்காரரிடம் இரவல் வாங்கிய பேட்டரியோடு கரியமாணிக்கம் போனோம். பந்தல் காலில் பெட்டியை உயரக் கட்டினோம். மூன்று பிளேட்டு வரை எங்கள் நெஞ்சு எங்களிடம் இல்லை. தாலி கட்டுகிற நேரம் மேளத்துக்கு வழிவிட்டுப் பெட்டியை நிறுத்தினோம். பிறகு வெயில் ஏற ஏற, அவன் ஏணியில் ஏறிக் கோழி இறகால் விளிம்புக்கு எண்ணெய் தொட்டுக்கொண்டே இருந்தான். பாட்டு கனத்து, தழைத்து, கரும்புத் தோட்டத்தைத் தாண்டிப் போயிற்று.

பந்திக்கு ஆட்களை அழைக்கச் சொன்னார் பெண்ணின் தகப்பனார். நான் மைக்கை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். கூட்டாளி அதை என் கையிலிருந்து வாங்கினான்.

"பெரியவங்க, தாய்மாருங்க, ஒறவுக்காரங்க எல்லாருக்கும் வணக்கம். எலை போட்டாச்சி. எல்லாரும் பந்திக்கு வரணும்."

தெருவில் அவன் குரல் கேட்டால் யாரோ செத்த செய்தி என்று பழகியிருந்த ஊர்கள் எங்களுடையவை. பந்தலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். முன்வரிசையில், சொந்தக்காரராக வந்திருந்த பண்ணையார் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார், பிறகு மைக்கைப் பிடித்திருந்தவனைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் எழுந்து பந்திக்குப் போனார்.

சாப்பாடு முடிந்து கம்பிகளைச் சுருட்டும்போது அரியூர்க்காரர் ஒருவர் வந்து, செட்டு யாருடையது என்று கேட்டார். நான் கூட்டாளியைக் காட்டினேன். மாசியில் தன் வீட்டில் காதுகுத்து, வர முடியுமா என்று அவனை "நீங்க" போட்டுக் கேட்டார். அவன் நாளைக் கேட்டு, விரல் விட்டு எண்ணி, வருகிறோம் என்றான். பங்குனி முடிவதற்குள் பாகூர் வரைக்கும் போய்விட்டு வந்தோம்.

அன்று வண்டியில் திரும்பும்போது பெட்டியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பண்ணையார் எழுந்து போனதைப் பற்றிப் பேசுவான் என்று காத்திருந்தேன். அவன் விரலால் விளிம்பை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த தபா வெள்ளாடு வேணாம் பா," என்றான். "செம்மறி பாக்கலாம். அது இன்னும் மெத்துனு இருக்கும்."