மெழுகுப் பல்லும் உருளைக்கிழங்கு சூப்பும்

பல்செட்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்க் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து, அடுத்தவர் வாய்க்காகவே பாதி வாழ்க்கையைக் கழித்தவர் அவர். முன்னறையில் டாக்டர் பல்லைப் பிடுங்குவார். பின்னறையில் இவர் பல்லைக் கட்டுவார். சட்டைக் காலரில் வெள்ளைப் பொடி, நகக்கண்ணில் இளஞ்சிவப்பு மெழுகு, இந்த இரண்டும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு.

அவருக்கே பல் போனது என்றால் சிரிப்பு வராமல் இருக்குமா? வரத்தான் செய்யும். ஈறு கெட்டுப்போய், ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டு, கடைசியில் மிச்சம் இருந்ததையும் டாக்டர் எடுத்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத சின்ன வயது டாக்டர். "ஈறு ஆறட்டும் சார். அப்புறம் உங்க செட்டை நீங்களே பண்ணிக்குங்க. உங்களுக்குப் புடிக்கிற மாதிரி பண்ண எனக்குத் தெரியாது" என்றார்.

வேலை செய்யும்போது அவர் எப்போதும் முகக்கவசம் போட்டிருப்பார். அதனால் அதற்குள்ளே வாய் காலியாகிவிட்டது யாருக்கும் தெரியவில்லை. வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கே டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. முதலில் அது அவருக்கு நிம்மதியாக இருந்தது. நாள் போகப் போக அதுவே உறுத்தியது. ஒரு மனிதனுக்கு வாயிலிருந்து அத்தனையும் போயிருக்கிறது, ஒருத்தர்கூட என்ன ஆச்சு என்று கேட்கவில்லையே.

பல் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களிடம் அவர் வழக்கமாகச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. "கெட்டியா எதுவும் வேண்டாம். உருளைக்கிழங்கை வேகவெச்சு, நல்லா மசிச்சு, பாலை ஊத்தி, வெண்ணெய் போட்டு சூப் பண்ணிக் குடிங்க. ஆறவெச்சுக் குடிங்க." எத்தனை பேருக்குச் சொன்னாரோ, அவர் ஒரு நாளும் அதற்காக அடுப்பைப் பற்றவைத்ததில்லை. மனைவி இருந்தவரை சமையலறைப் பக்கமே அவரை விட்டதில்லை. "உங்க கையில இருக்கிற சுண்ணாம்பெல்லாம் சாப்பாட்டுல சேரும், போங்க அங்கிட்டு" என்பாள். பிள்ளைகள் கிடையாது. அவள் போன பிறகு தெருமுனைக் கடைப் பார்சலே அவருக்குச் சமையலறை.

இப்போது அந்தப் பார்சலையும் மெல்ல முடியாது. ஆகவே ஒரு சாயங்காலம், தன் பாட்டைத் தானே நம்பி சூப் வைத்தார். கிழங்கை வேகவைத்தார். மர மத்தால் ஓங்கி ஓங்கி இடித்தார். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றினார். வந்தது சூப் இல்லை, பசை. அதை வைத்துத் தெரு முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருக்கலாம். இவ்வளவு காலமாக இவர் பேச்சைக் கேட்டு இதைக் குடித்தவர்கள் எல்லாம் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டார். ஒருத்தர்கூடத் திரும்பி வந்து சண்டை போடவில்லை.

ஆனால் கைவேலைக்காரர், விடவில்லை. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, வெண்ணெயில், சிவக்க விடாமல் சின்னத் தீயில் வதக்கவேண்டும் என்று கண்டுகொண்டார். அதோடு ஒரு பல் பூண்டு. கிழங்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, கரண்டி பட்டதும் உடைகிற பதம் வரும்வரை வேகவிடவேண்டும். பாலைத் தனியாகச் சுடவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். ஊற்றிய பிறகு அந்தண்டை இந்தண்டை நகரக் கூடாது, அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கவேண்டும். கடைசியில் உப்பு, மிளகுத்தூள், ஒரு கரண்டி பாலாடை. மசிப்பதை மட்டும் அவரால் மென்மையாகச் செய்ய முடியவில்லை. பல் அச்சு எடுத்த பிளாஸ்டரை உடைத்துப் பழகிய கை, டொக் டொக்கென்றுதான் விழும்.

சூப் நன்றாகவே வந்தது. நன்றாக வந்ததுதான் கஷ்டமாகவும் இருந்தது. பாத்திரங்கள் எல்லாம் இரண்டு பேர் அளவு. எவ்வளவு குறைத்து வைத்தாலும் ஒரு கிண்ணம் மிஞ்சும். அதை மூடி வைத்து மறுநாள் மதியம் குடிப்பார். சாயங்காலம் மறுபடியும் அதே. எதிர் நாற்காலியில் மடித்த துணிகள் இருக்கும்.

இந்த நேரத்தில் ஈறும் ஆறியது. அங்கேதான் அவர் தானே வைத்த விதியில் மாட்டிக்கொண்டார்.

பல்செட்டை முதலில் மெழுகில் அடுக்குவார்கள். அதை வாயில் வைத்துப் பார்ப்பதற்கு ட்ரையல் என்று பெயர். மெழுகாக இருக்கும்போது எந்தப் பல்லை வேண்டுமானாலும் நகர்த்தலாம். அச்சில் போட்டு வேகவைத்து இறுக்கிவிட்டால் பிறகு பிரம்மன் வந்தாலும் அசைக்க முடியாது. முன்னொரு காலத்தில் ஒரு பெரியவர் அழகான செட்டோடு வீட்டுக்குப் போனார். மறுநாளே மனைவியோடு திரும்பி வந்தார். "பல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா இவரு யாருன்னு எனக்குத் தெரியல" என்று அந்த அம்மா அழுதார். அன்றைக்கே பல்செட்காரர் ஒரு விதி போட்டார். ட்ரையல் அன்று வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரவேண்டும். பழைய முகம் தெரிந்த ஆள். அவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் செட் அச்சுக்குப் போகும். அதற்காகப் பின்னறையில் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு நாற்காலியே போட்டுவைத்தார். வீட்டு ஆள் நாற்காலி என்றே அதற்குப் பெயர். மனைவிமார், அண்ணன்மார், மருமகள்கள், ஒரு தடவை நாயையும் தூக்கிக்கொண்டு வந்த ஒரு கூட்டாளி, எல்லாரும் அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். யாருக்காகவும் அவர் விதியைத் தளர்த்தியதில்லை.

தன் மெழுகுச் செட்டை அவர் ரசித்து அடுக்கினார். பிறவியிலேயே அவருக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் பக்கத்துப் பல்மேல் சாய்ந்திருந்தது. அந்தக் கூச்சத்தில் கல்யாணப் போட்டோவிலும் வாயைத் திறக்காதவர். இப்போதாவது நேராக இருக்கட்டும் என்று நூல் பிடித்ததுபோல வைத்தார். மெழுகு இளகாமல் இருக்க ஒரு டப்பாவில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் போட்டார். அதோடு நின்றது.

"அங்கிள், உங்க ட்ரையல் எப்போ? வீட்டுல இருந்து யாரு வர்றாங்க?" என்று வரவேற்புப் பெண் கேட்டாள்.

"அக்கா வர்றாங்க. ஊர்ல இருந்து" என்றார்.

அவருக்கு அக்கா கிடையாது. ஆனால் வாயில் வந்துவிட்டது. இல்லாத அக்காவுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தது. அடுத்த வாரம் மூட்டு வலி. அதற்கும் அடுத்த வாரம் பஸ் கிடைக்கவில்லை. "பாவம் அங்கிள் அக்கா. நல்ல டாக்டரா பாத்து காட்டச் சொல்லுங்க" என்று அந்தப் பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள். அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

யாரும் பார்க்காமலே செட்டை அச்சுக்குப் போட்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லை என்பதுதானே விஷயம். அப்படிப் போட்டுவிட்டால் தனக்கு யாரும் இல்லை என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

கிழங்கு வாங்கப் போன இடத்தில், காய்கறிக்கார அம்மாவிடம், துண்டால் வாயை மூடிக்கொண்டு, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார். "நான் சிரிச்சா எப்படி இருப்பேன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அந்த அம்மா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க சிரிச்சு நான் எங்க பாத்தேன்? வெங்காயம் போடட்டா?"

அன்று சாயங்காலம் அவர் சூப் வைத்துவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஆள் இல்லாதது அவருக்குப் பழகிப்போன விஷயம். தன் முகம் யார் மனதிலும் இல்லை என்பது புதிது. அது தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் மாலை கிழங்கை மசித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு அம்மா. பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. இந்த இரண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் தகராறு. இவர் மாடியில் காயப்போடும் ஈரத்துணி அந்த அம்மாவின் உலர்ந்த துணிமேல் சொட்டும். அவர் வைக்கும் டிவி சத்தம் இவர் தரையைத் துளைக்கும்.

"தினமும் இதே நேரத்துக்கு என் தலையில டொக் டொக்குனு என்னத்தை இடிக்கிறீங்க? கீழ மனுஷங்க இருக்காங்கன்னு நெனப்பு இருக்கா இல்லையா?"

இவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா இன்னும் நிறையத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். பதிலுக்கு ஒன்றும் வராததால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த நாள் இவர் பூனை மாதிரி ஓசையில்லாமல் மசித்தார். அப்படியும் கதவு தட்டப்பட்டது.

"நேத்து ஏன் பேசல? நீங்க சும்மா விடுற ஆளே இல்லையே. உடம்புக்கு என்ன?"

பல் போனதிலிருந்து முதல் தடவையாக ஒருத்தர் கேட்கிறார். பல்செட்காரர் துண்டை எடுத்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அடப் பாவமே" என்றார் மெதுவாக. பிறகு மூக்கை உறிஞ்சி, "அடுப்புல பால் இருக்கா? அடி புடிக்குது. மொதல்ல போய்க் கிண்டுங்க" என்றார்.

கிண்டிக்கொண்டே இவர் கேட்டார். பல் இல்லாத பேச்சு குழைந்து வந்தது. "என் பழைய மூஞ்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"மறக்கிற மூஞ்சியா அது? எத்தனை தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு மாடிப்படியில நின்னிருக்கீங்க."

மெழுகுச் செட்டை அவர் தினமும் டப்பாவோடு வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது வழக்கம். உள்ளே போய் அதை மாட்டிக்கொண்டு வந்து, விதியைச் சொல்லி, எதிர் நாற்காலியில் இருந்த துணிகளை அகற்றி, அந்த அம்மாவை உட்காரவைத்தார். சிரித்துக் காட்டினார்.

"யாரு இது? பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா. "உங்க சிரிப்பு எனக்குத் தெரியாது. கோவப்படுங்க பாக்கலாம்."

"திடீர்னு கோவம் எப்படி வரும்?"

"நாளைக்கு உங்க ஈரத்துணி சொட்டுச்சுன்னா கத்தரிக்கோலால வெட்டிக் குப்பையில போடுவேன்."

"போட்டுத்தான் பாருங்களேன்."

அந்த அம்மா குனிந்து கூர்ந்து பார்த்தார். "ம்ஹூம். ஏதோ ஒண்ணு கொறையுது. என்னன்னு சொல்லத் தெரியல."

பல்செட்காரர் முகம் விழுந்துவிட்டது. சண்டைக்காரிக்கும் தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியப் போகிறது? வந்தவரை வெறுமனே அனுப்பக் கூடாதே என்று இரண்டு கிண்ணங்களில் சூப்பை ஊற்றினார். இந்த மேஜையில் இரண்டு கிண்ணம் வைத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. மிளகுத்தூளை நகர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மா, ஒரு கரண்டி குடித்துவிட்டு. பிறகு, "நானும் தனியாத்தான் திங்கிறேன். அதான் டிவிய சத்தமா வெச்சுக்கறது. யாரோ பேசிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும்."

அந்தச் சத்தத்துக்காகத் தான் கீழே போய்க் கத்திய நாட்கள் எல்லாம் பல்செட்காரருக்கு ஞாபகம் வந்தன. கரண்டியை எடுத்து, ஆவி பறக்கிற சூப்பை வாயில் வைத்தார். இன்னொரு கரண்டி. இன்னொன்று.

ட்ரையல் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் அவர் அடித்துச் சொல்கிற விஷயம், வாயில் மெழுகு இருக்கும்போது சூடாக எதுவும் படக் கூடாது என்பது. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிடுகிற சந்தோஷத்தில் அவருக்கே அது மறந்துபோனது. நாக்கு மேல்வரிசையைத் தொட்டபோதுதான் தெரிந்தது. முன்பல் ஒன்று இளகி நகர்ந்திருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி, "மெழுகு" என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மா எழுந்து வந்து அவர் முகவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார்.

"இதான்" என்றார். "இதேதான். இந்தப் பல்லு இப்படித்தான் பக்கத்துப் பல்லு மேல சாஞ்சு நிக்கும். நீங்க கத்துறப்ப என் கண்ணு அதை விட்டு நகராது. எத்தனை வருஷமா பாக்குறேன். தொடாதீங்க அதை."

அவர் குழாயடிக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரை வாயில் ஊற்றி ஊற்றிக் கொப்பளித்தார். மெழுகு அப்படியே இறுகியது. கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தார். தெரிந்த ஆள் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். மேஜைப் பக்கத்திலிருந்து, "உங்க சூப் ஆறுது. அதைக் கழட்டி வெச்சுட்டு வந்து குடிங்க" என்று குரல் வந்தது.

மறுநாள் காலை டாக்டர் மெழுகுச் செட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்ன சார், முன்பல் ஒண்ணு சாஞ்சிருக்கே. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நேர் பண்ணிடலாமா?"

பல்செட்காரர் எட்டி அதைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம் டாக்டர்" என்றார். "வீட்டு ஆள் பாத்தாச்சு."