பழகிவிடும் என்று சொன்னேன்

புது அரிசியில் சோறு வடிப்பதென்றால் தண்ணீரைக் குறைத்து வையுங்கள். பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டில் உட்காராதீர்கள், இடுப்பு போய்விடும். மாமியாருக்குப் பதில் பேசியே ஆகவேண்டுமானால் காலையில் பேசுங்கள், சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். சாயங்காலம் பேசினால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஓடும். பள்ளிப்பட்டில் எங்கள் தெருப் பெண்களுக்கு இப்படி எத்தனையோ யோசனைகள் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் யாரும் நஷ்டப்பட்டதில்லை, ஒருத்தியைத் தவிர. அவளும் தான் நஷ்டப்பட்டதாகச் சொல்லவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். குழந்தை இல்லை. கணவருக்குச் சொந்தமாக நஞ்சை இருந்தது. அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார். என்னோடு பேசமாட்டார், அவ்வளவுதான். பசித்தால், நான் எதிரே நிற்கும்போதே தன் அம்மாவிடம், "சோறு போடச் சொல்லு" என்பார். மாமியார் என் பக்கம் திரும்பி அதையே சொல்வார். முதல் வருஷம் அழுதேன். இரண்டாம் வருஷம் கோபம் வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. ஒருநாள் அரிசி களையும்போது, காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்று தோன்றியது. பேர் சொல்லி மாட்டைக் கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் கரகரத்தது. பயந்துபோனேன்.

அந்த வாரமே ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு திருவள்ளூருக்கு பஸ் ஏறினேன். அங்கே அண்ணன் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. யோசனை சொல்வதில் எனக்கே அண்ணன் அவர். எந்தக் கடையில் பருப்பு வாங்குவது, எந்த வைத்தியரிடம் போகக்கூடாது, எல்லாம் அவரைக் கேட்டுத்தான் அந்தத் தெருவில் நடக்கும்.

திருவள்ளூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு ஆள் தேடுவதாகவும், எட்டாவது படித்திருந்தால் கூடவே மருத்துவச்சி வேலையும் கற்றுக்கொடுப்பதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். நான் எட்டாவது பாஸ். இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணா, நான் இங்கயே இருந்துகினு அந்த வேலைக்குப் போவட்டா?"

அவர் மூன்று கேள்வி கேட்டார். அடிக்கிறாரா, குடிக்கிறாரா, வேறு பொம்பளை இருக்கிறாளா. மூன்றுக்கும் இல்லை என்றேன்.

"அப்புறம் இன்னாதான் கொறை உனுக்கு?"

பேசமாட்டேன் என்கிறார் என்று சொன்னேன். சொன்னபோது எனக்கே அது சின்ன விஷயமாகத்தான் கேட்டது. அண்ணன் கோபப்படவில்லை. பொறுமையாக அரைமணி நேரம் புத்தி சொன்னார். ஆம்பளைகளில் சிலர் அப்படித்தான், அனுசரித்துப் போகவேண்டும், ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அண்ணி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் எடுத்து வைத்தாள். பிறந்த வீட்டுப் பெண் கிளம்பும்போது வெறுங்கையோடு அனுப்பக்கூடாது அல்லவா. அதைப் பார்த்துத்தான் நான் கிளம்புகிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. அண்ணி நல்லவள், குங்குமம் வைத்துவிடும்போது கண் கலங்கினாள். எனக்கு ஒன்றும் கலங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று மட்டும் நினைத்தேன்.

திரும்பிப் போனபோது கணவர் களத்தில் இருந்தார். என்னைப் பார்த்தார். அம்மாவிடம், "வந்துட்டாளா?" என்று கேட்டார். மாமியார், "வந்துட்டா" என்றார். ரவிக்கைத் துணி நல்ல துணி, நாலு வருஷம் உழைத்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஊரில் நல்ல பெயர் வந்தது. கல்யாண வீடுகளில் அண்ணன் என்னைக் காட்டி, ஒரே ஒரு தடவை புத்தி சொன்னேன், எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் பாருங்கள் என்பார். தெருப் பெண்கள் யோசனை கேட்டு வர ஆரம்பித்தார்கள். நானும் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டில்தான் பேச்சுக்கு ஆள் இல்லையே. சோறு, துணி, மாடு, மாமியார் என்று எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தேன். ஆனால் பை தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிற பெண்ணுக்கு மட்டும் புத்தி சொல்லக்கூடாது, பாய் விரித்துப் படுக்க இடம் காட்டவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் கேட்டார்கள். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண், ஊத்துக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள், அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். தையல் மிஷின் ஓட்டத் தெரிந்தவள். இங்கேயே இருந்து தைத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்றாளாம். அம்மாக்காரிக்கு வைத்துக்கொள்ளலாமா, அனுப்பலாமா என்று ஒரே குழப்பம். ஒரு மத்தியானம் அவளை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"நீ இன்னா சொல்றியோ அதான்மா. இருன்னா வெச்சிக்கறேன், போன்னா அனுப்பிடறேன்."

சொல்லிவிட்டு எங்களைத் தனியாக விட்டு வாசலுக்குப் போனாள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயசு இருக்கும். நான் மூன்று கேள்வியும் கேட்கவில்லை. அந்த மட்டில் எனக்குள் ஒரு பெருமை. ஒரே வார்த்தை, இரு என்று சொன்னால் போதும். வாய்வரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனுக்குப் பழகிடுச்சாக்கா?" என்று கேட்டாள்.

என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தேன். பழகித்தான் போயிருந்தது. பொய் சொல்ல எனக்கு வராது.

"பழகிடுச்சு. உனுக்கும் பழகிடும், போ" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பின்னால் யோசித்திருக்கிறேன். அவள் இருக்கலாம் என்றால் நானும் இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். அதைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. இது இப்போது தோன்றுகிற காரணம். அன்றைக்கு அந்த மத்தியானத்தில் எனக்குள் ஒன்றுமே இல்லை. அவளுக்கு மோர் கொடுத்தேன், குடித்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

அவளுக்குக் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு குழந்தைகள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தையல் மிஷினைத் தொடுவதில்லையாம். எப்போதாவது தெருவில் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பாள், நானும் விசாரிப்பேன். போன பொங்கலுக்கு அவள் அம்மா வந்து பூரிப்போடு ஒரு சேதி சொன்னாள். ஊத்துக்கோட்டையில் மகளுக்கு ரொம்ப நல்ல பெயராம். புருஷன் வீடு வேண்டாம் என்று வந்துவிடுகிற பெண்களை இப்போது அவளிடம்தான் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம்.